மனித உரிமை எம்.ஏ. படிக்கலாமா? பீர்மேட்டிலிருந்து ஒரு கடிதம்

கேள்வி: கேரளத்தின் பீர்மேடு தாலுகாவில் ஒரு தேயிலை எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், வளர்ந்தவள் நான். பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழி. பிறகு மலையாளப் பிள்ளைகளோடு சேர்ந்து பி.ஏ. பொருளியல் முடித்தேன், 58 சதவீதம். அம்மா 31 வருடம் கொழுந்து எடுத்து ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. கிராஜுவிட்டி (பணிக்கொடை) இன்னும் வரவில்லை. மனித உரிமை ஆணையத்துக்கு மனுப் போட்டேன். ‘எங்கள் வரம்புக்குள் வராது’ என்று பதில் வந்துவிட்டது. மனித உரிமை, சமூக நீதி சார்ந்து முதுநிலை படிக்க வேண்டும் என்பது வெகுநாள் ஆசை. ஆனால் ஆணையமே கைவிரித்தால் அதைப் படித்து என்ன பிரயோஜனம்? படிப்பதென்றால் எங்கே? எஸ்.சி. சான்றிதழ் கேட்டுப் போனால் 1950க்கு முன்பே குடும்பம் இங்கே இருந்ததற்கு ஆதாரம் கேட்கிறார்கள். ஆங்கிலமும் தயக்கமாக இருக்கிறது. வழி சொல்லுங்கள்.

பதில்:

அன்புத் தங்கைக்கு,

திரும்பி வந்த அந்தப் பதிலைக் கிழித்துவிடாதீர்கள். நீங்கள் படிக்க விரும்பும் பாடத்தின் முதல் வகுப்பே அந்தத் தாளில்தான் இருக்கிறது.

மனித உரிமை ஆணையங்கள் 1993ஆம் ஆண்டின் மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நடப்பவை. மனித உரிமை என்றால் என்ன என்பதை அந்தச் சட்டத்தின் 2(1)(டி) பிரிவு வரையறுக்கிறது. உயிர், சுதந்திரம், சமத்துவம், கண்ணியம் ஆகியவை தொடர்பாக அரசமைப்புச் சட்டம் உறுதியளித்த உரிமைகள், அல்லது பன்னாட்டு உடன்படிக்கைகளில் இடம்பெற்று இந்திய நீதிமன்றங்களால் நிறைவேற்றத்தக்க உரிமைகள். வரையறை கேட்க விரிவாகத்தான் இருக்கிறது. ஆனால் தேசிய ஆணையத்தின் நடைமுறை விதிகளில் ஏற்கத்தகாத புகார்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. சொத்துத் தகராறு, பணிநிலைத் தகராறு, தொழிலாளர்-நிர்வாகத் தகராறு எல்லாம் அதில் அடங்கும். பொதுவாக, அரசு ஊழியர் ஒருவர் செய்த மீறலோ தடுக்கத் தவறிய மீறலோ இருந்தால்தான் ஆணையம் கையில் எடுக்கும். சம்பவம் நடந்து ஓராண்டு கடந்துவிட்டால் 36(2) பிரிவு குறுக்கே நிற்கும். உங்கள் மனு தனியார் எஸ்டேட்டின் மேல், கிராஜுவிட்டி பற்றி, இரண்டு வருடம் கழித்துப் போனது. மூன்று வகையிலும் அது போன வாசல் தவறு. அம்மாவின் உரிமை செல்லாது என்று அந்தப் பதிலுக்கு அர்த்தமே இல்லை.

அந்த உரிமைக்கு வேறு வாசல் இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் கிராஜுவிட்டிச் சட்டப்படி, பணம் தர வேண்டியதாகும் நாளிலிருந்து 30 நாளுக்குள் நிர்வாகம் கொடுத்துவிட வேண்டும். தொழிலாளி விண்ணப்பித்தாலும் விண்ணப்பிக்காவிட்டாலும் கணக்குப் பார்த்துச் சொல்லும் பொறுப்பு நிர்வாகத்துடையது. ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம். கடைசியில் அம்மாவின் தினக்கூலி 400 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், 15 × 400 × 31 = 1,86,000 ரூபாய். தாமதத்துக்குத் தனிவட்டியும் உண்டு. கொடுக்கவில்லை என்றால் தொழிலாளர் துறையில் இந்தச் சட்டத்துக்கென நியமிக்கப்பட்ட கட்டுப்பாட்டு அதிகாரியிடம் ‘என்’ படிவத்தில் விண்ணப்பம் போட வேண்டும். அதற்கு 90 நாள் கெடு. கெடு தாண்டியிருந்தாலும் தகுந்த காரணம் காட்டினால் அதிகாரி ஏற்கலாம். ‘விவரம் தெரியாமல் ஆணையத்துக்கு எழுதினோம், பதில் இன்ன தேதியில் வந்தது’ என்று அந்தத் திரும்பி வந்த கடிதத்தையே காரணத்துக்குச் சான்றாக வைக்கலாம். கிழிக்க வேண்டாம் என்று சொன்னது இதற்காகத்தான். பழைய தொழிலாளர் சட்டங்கள் 2020ஆம் ஆண்டின் தொகுப்புச் சட்டங்களுக்குள் கொண்டுவரப்பட்டிருப்பதால், இப்போது எந்தப் படிவம் என்று தொழிலாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு எழுதுங்கள்.

எந்தத் தீங்கு எந்தச் சட்டத்தின் கீழ் வரும், அதற்குப் பொறுப்பாளி யார், எந்த வாசலில் எத்தனை நாளுக்குள் தட்ட வேண்டும், எந்தத் தாளோடு போக வேண்டும்: நல்ல மனித உரிமைப் படிப்பு கற்றுத்தருவது இதைத்தான். ‘படித்து என்ன பிரயோஜனம்’ என்ற உங்கள் கேள்விக்கு நான் சொல்லக்கூடிய நேர்மையான பதிலும் இதுவே. இதைக் கற்றுத்தராமல் உலகப் பிரகடனங்களின் பெயரையும் ஆண்டையும் மட்டும் மனப்பாடம் செய்யவைக்கும் துறைகளும் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் இரண்டு வருடத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

பாடத்தின் ஆழம் எங்கே இருக்கிறது என்பதற்கு இரண்டு இடங்களைக் காட்டுகிறேன்.

ஒன்று, 1966ஆம் ஆண்டின் இரண்டு பன்னாட்டு உடன்படிக்கைகள். இந்தியா இரண்டிலும் 1979இல் சேர்ந்தது. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான உடன்படிக்கையின் 2ஆம் உறுப்பு, அரசு இந்த உரிமைகளை ‘மதித்து உறுதிசெய்ய’ வேண்டும் என்கிறது. தவணையெல்லாம் கிடையாது. பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான உடன்படிக்கையின் 2ஆம் உறுப்போ, ‘கைவசமுள்ள வளங்களின் உச்ச அளவுக்கு’, ‘படிப்படியாக’ நிறைவேற்ற வேண்டும் என்கிறது. வீடு, கூலி, மருத்துவம், கல்வி எல்லாம் இந்த இரண்டாவதில்தான் இருக்கின்றன. ‘படிப்படியாகத்தானே’ என்று சொல்லி அரசுகள் நழுவுவது இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான். படி ஏறியிருக்கிறதா, நின்ற இடத்திலேயே நிற்கிறதா, இறங்கியிருக்கிறதா என்று பட்ஜெட் கணக்கிலிருந்தே எடுத்துக் காட்டுவது ஆய்வாளரின் வேலை. பொருளியல் படித்தவருக்கு அது கைவந்த வேலை. உங்கள் பி.ஏ. வீண் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

இரண்டாவது, நீங்கள் வளர்ந்த லயம். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 15ஆவது பிரிவு, தோட்டத்தில் குடியிருக்கும் தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் வீடு கொடுப்பதோடு அதைப் பராமரிப்பதும் நிர்வாகத்தின் கடமை என்றது. 1981இல் சேர்க்கப்பட்ட 16ஏ பிரிவு இன்னும் ஒரு படி மேலே போனது. அப்படிக் கொடுத்த வீடு இடிந்து யாராவது இறந்தாலோ காயப்பட்டாலோ நிர்வாகம் இழப்பீடு தர வேண்டும். விலக்கு இரண்டே: இடிந்ததற்குக் குடியிருந்தவரின் தவறு மட்டுமே நேரடிக் காரணமாக இருந்தால், அல்லது இயற்கைப் பேரிடர் மட்டுமே நேரடிக் காரணமாக இருந்தால். ‘மட்டுமே’ என்ற சொல்லை இரண்டு தடவை படியுங்கள். 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு மூணாறு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியதில் 70 பேர் போனார்கள். அப்படி ஒரு சாவைப் பற்றி எழுதும்போது ‘இயற்கையின் சீற்றம்’ என்று எழுதிவிட்டால் எல்லாக் கேள்வியும் அங்கேயே முடிந்துபோகும். அன்றைய மழை அளவு, சரிவின் எந்த இடத்தில் லயம் கட்டப்பட்டது, அந்த இடத்தைத் தேர்ந்தது யார், எச்சரிக்கை வந்ததா, வந்திருந்தாலும் சொல்ல போன் சிக்னல் இருந்ததா என்று கேட்டு, ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு தாளைக் கொண்டுவந்து வைத்தால்தான் அந்த ‘மட்டுமே’ நிற்குமா நிற்காதா என்று தெரியும். இறந்தவர்களுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை இந்த உழைப்புதான்.

இனி எங்கே, எந்தப் பட்டம் என்பது. முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். மனித உரிமை எம்.ஏ. வைத்துக்கொண்டு நீதிமன்றத்தில் வாதாட முடியாது. அதற்கு மூன்றாண்டு எல்.எல்.பி. வேண்டும். கேரளத்தில் அதற்குத் தனி நுழைவுத் தேர்வு நடக்கிறது. எல்.எல்.எம். மனித உரிமை என்று விளம்பரம் பார்த்து ஏமாறாதீர்கள், எல்.எல்.பி. இல்லாமல் அதில் சேர முடியாது.

நேரடி மனித உரிமைப் பட்டம் என்றால் புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகம், டெல்லி ஜாமியா மில்லியா, லக்னோ பாபாசாகேப் பீம்ராவ் அம்பேத்கர் பல்கலைக்கழகம் ஆகியவை இருக்கின்றன. சேர்க்கை அறிவிப்பில் இந்த ஆண்டு அந்தப் படிப்பு நடக்கிறதா, எத்தனை இடம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். சமூகப் பணி வழியாகப் போவதென்றால் மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனம், திருவனந்தபுரம் லயோலா, களமசேரி ராஜகிரி இருக்கின்றன. உங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் குட்டிக்கானம் மரியன் கல்லூரியிலும் எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப் பணி முதுநிலைப் பட்டம் இருக்கிறது.

இரண்டில் எது என்று கேட்டால், உங்கள் நிலையில் எம்.எஸ்.டபிள்யூ. பக்கமே என் மனம் சாய்கிறது. காரணம் இரண்டு. எம்.எஸ்.டபிள்யூ.வில் களப்பணி கட்டாயம். வழக்கமாக வாரத்தில் இரண்டு நாள் ஏதாவதொரு அமைப்பில் வேலை, அதற்கு எழுத்தில் அறிக்கை, அதன்மேல் ஆசிரியரோடு தனிச் சந்திப்பு என்று நான்கு பருவமும் ஓடும். அடுத்தது வேலை. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு போன்ற இடங்களின் அறிவிப்புகளில் சமூகப் பணி, சமூகவியல், சட்டம் ஆகியவற்றோடு மனித உரிமைப் பட்டமும் ஏற்கப்படுவதுண்டு. ஆனால் மருத்துவ சமூகப் பணியாளர் போன்ற பல வேலைகளில் எம்.எஸ்.டபிள்யூ. என்றே கறாராகப் போட்டுவிடுவார்கள். எம்.எஸ்.டபிள்யூ. முடித்துவிட்டு பெங்களூரு தேசிய சட்டப் பள்ளியின் தொலைநிலை மனித உரிமைச் சட்டப் பட்டயம் ஒன்றை மேலே சேர்த்துக்கொண்டால் சட்டப் பக்கமும் பலப்படும். கல்லூரியில் பாடம் நடத்துவதே உங்கள் ஆசை என்றால் கணக்கு மாறும். கல்லூரி ஆசிரியர் பணிக்கான யு.ஜி.சி. நெட் தகுதித் தேர்வில் ‘மனித உரிமைகளும் கடமைகளும்’ தனிப் பாடமாகவே இருக்கிறது. அப்போது எம்.ஏ. சரி.

எங்கே போனாலும், சேருமுன் அந்தத் துறையில் படிக்கும் ஒருவரிடம் மூன்று விஷயம் விசாரியுங்கள். களப்பணிக்குத் தனி ஆசிரியர் மேற்பார்வை உண்டா? இறுதி ஆண்டு ஆய்வேட்டை யாராவது உட்கார்ந்து வரிவரியாகப் படிக்கிறார்களா? விடுதி இடமும் உதவித்தொகையும் வகுப்பு தொடங்கி எத்தனை மாதத்தில் கைக்கு வருகின்றன? முதல் தலைமுறைப் பிள்ளைகள் பாதியில் நிற்பது அநேகமாக இந்த மூன்றாவதால்தான். பாடம் புரியாமல் நின்றவர்கள் குறைவு.

சான்றிதழ் விஷயத்தை நிதானமாகப் படியுங்கள், இதில்தான் மலையில் நிறையப் பிள்ளைகள் ஒரு வருடத்தை இழக்கிறார்கள். எஸ்.சி. பட்டியல் மாநிலவாரியானது. 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதியிட்ட குடியரசுத் தலைவர் ஆணைதான் அடிப்படை. அந்தத் தேதிக்கு முன்பே உங்கள் தாத்தா பாட்டி இங்கே குடியிருந்தார்கள், உங்கள் சாதியும் கேரளப் பட்டியலில் இருக்கிறது என்றால் தாசில்தார் கேரளச் சான்றிதழ் தர வேண்டும். அதற்கான ஆதாரம் லயத்து வீட்டில் இருக்காது, எஸ்டேட் ஆபீஸில் இருக்கும்: பழைய செக்ரோல் (வருகை, கூலிப் பதிவேடு), பணிப் பதிவேடு, பிரசவம்-மரணம் பதிந்த எஸ்டேட் ஆஸ்பத்திரிப் புத்தகம். எஸ்டேட் பள்ளிக்கூடத்தின் சேர்க்கைப் பதிவேடு இன்னும் பலமான ஆதாரம். தாத்தாவின் பெயர் ஒரு தாளில் ஒருமாதிரியும் இன்னொன்றில் வேறுமாதிரியும் இருந்தால், இருவரும் ஒருவரே என்ற சான்றையும் வில்லேஜ் ஆபீஸில் சேர்த்தே கேளுங்கள். பெரும்பாலான விண்ணப்பம் முடங்குவது இந்த எழுத்து வேறுபாட்டில்தான்.

குடும்பம் 1950க்குப் பிறகு வந்தது என்றால் கதவு முழுதாக மூடிவிடவில்லை. அப்பாவின் பூர்வீக ஊர்த் தாலுகாவில், திருநெல்வேலியோ தேனியோ, அவர் பெயரில் கொடுத்த சாதிச் சான்றிதழைக் காட்டினால், இங்குள்ள அதிகாரி ‘இடம்பெயர்ந்தோர்’ என்று குறிப்பிட்டு உங்களுக்குச் சான்றிதழ் தரலாம். அதை வைத்துக் கேரள மாநில ஒதுக்கீடோ மாநில உதவித்தொகையோ கேட்க முடியாது. 1990இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது அதுதான். ஆனால் மத்திய அரசின் கல்வி நிறுவனங்களில் அது செல்லும். ஆகவே கையில் இருப்பது இடம்பெயர்ந்தோர் சான்றிதழ் என்றால் புதுச்சேரி, டாட்டா நிறுவனம் போன்றவற்றை முதலில் வையுங்கள். உள்ளூர் கல்லூரியைப் பொதுப் பிரிவில் பாருங்கள். குடும்பம் கிறிஸ்தவம் தழுவியிருந்தால் எஸ்.சி. கிடைக்காது, ஆனால் கேரளத்தில் ஓ.இ.சி. (பிற தகுதியுள்ள சமூகங்கள்) பிரிவில் கல்விச் சலுகை உண்டு.

மத்தியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்குக் க்யூட் பி.ஜி. என்ற பொது நுழைவுத் தேர்வு. டாட்டா நிறுவனமும் இப்போது அதன் வழியாகத்தான் சேர்க்கிறது. விண்ணப்பம் வழக்கமாகக் குளிர்காலத்தில் திறக்கும், தேர்வு மார்ச் வாக்கில். 75 கேள்வி, 90 நிமிடம். சரிக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 கழியும். இங்கே பெரிய தவறு நடப்பது எந்தத் தாளை எழுதுவது என்று தேர்ந்தெடுப்பதில்தான். எந்தப் படிப்புக்கு எந்தத் தாள் என்று ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனித்தனியாகச் சொல்லும். பிள்ளைகள் தம் பி.ஏ. பாடத்தின் தாளை எழுதிவிட்டு, கேட்ட தாள் வேறு என்று ஜூன் மாதத்தில் கண்டுபிடிப்பார்கள். தேர்வு எழுதிவிட்டால் தானாக இடம் வந்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள். ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் தளத்திலும் தனியாகப் பதிய வேண்டும். அக்ஷயா இணையச் சேவை மையத்தில் கொடுத்துச் செய்தாலும், போட்ட ஈமெயிலும் கடவுச்சொல்லும் உங்கள் கையில் இருக்கட்டும்.

ஆங்கிலத்துக்கு ஒரு வழி. உலக மனித உரிமைப் பிரகடனம் 30 உறுப்புகள்தான், தமிழிலும் அதிகாரபூர்வமாகக் கிடைக்கிறது. அரசமைப்புச் சட்டமும் அப்படியே. தமிழ்ப் பக்கத்தையும் ஆங்கிலப் பக்கத்தையும் அருகருகே வைத்து நாளுக்கு ஓர் உறுப்பு, வாய்விட்டு. சட்ட ஆங்கிலத்தில் ‘ஷால்’ என்றால் செய்தே ஆக வேண்டும், ‘மே’ என்றால் செய்யலாம். இந்த இரண்டையும் பிரித்துப் படிக்கப் பழகினாலே பாதிச் சட்டம் பிடிபடும். அடுக்குமொழி ஆங்கிலம் இந்தத் துறைக்குத் தேவையே இல்லை, குட்டி வாக்கியமும் சரியான வினைச்சொல்லும் போதும்.

விண்ணப்பத்தில் ‘ஏன் இந்தப் படிப்பு’ என்று எழுதச் சொல்வார்கள். ‘சிறுவயது முதலே ஏழைகளின் துன்பம் கண்டு மனம் வருந்தியவள்’ என்று தொடங்க வேண்டாம், படிப்பவர் அன்றைக்கே அதை நாற்பது முறை பார்த்திருப்பார். இப்படித் தொடங்கிப் பாருங்கள்: ‘31 ஆண்டு வேலை செய்த தொழிலாளியின் கிராஜுவிட்டி 24 மாதமாக நிலுவை. மனித உரிமை ஆணையம் ஏற்கவில்லை, கிராஜுவிட்டிச் சட்டத்தில் 90 நாள் கெடு கடந்துவிட்டது. ஓய்வு பெறும் நாளில் இந்தக் கெடுவைப் பற்றித் தொழிலாளியிடம் சொல்லும் கடமை யாருக்காவது இருக்கிறதா என்பதே என் கேள்வி.’ ஆள், காலம், சட்டம், கேள்வி நான்கும் அதில் இருக்கின்றன.

வெளிநாடு என்று பிறகு நினைத்தால், எஸ்.சி. மாணவருக்கான தேசிய வெளிநாட்டு உதவித்தொகையின் வருமான வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம், தகுதிப் பட்டத்தில் 60 சதவீதம் வேண்டும். 2022இல் வந்த விதிமாற்றம், இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு அந்தத் தொகையைத் தருவதில்லை என்றாக்கிவிட்டது. சாதியைப் பற்றியோ தோட்டத்தைப் பற்றியோ வெளியே போய்ப் படிக்க விரும்பும் நம் பிள்ளைகளுக்கு அது பெரிய அநியாயம். ஆனாலும் தெரிந்துகொண்டுதான் திட்டமிட வேண்டும். உங்கள் 58 சதவீதத்தை முதுநிலையில் 60க்கு மேலே கொண்டுபோய்விடுங்கள்.

சேர்க்கை வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். தாலுகா சட்டப்பணிகள் குழுவில் துணைச் சட்டத் தன்னார்வலராகப் பதியலாம், பத்தாம் வகுப்புத் தேறியிருந்தால் போதும், பயிற்சியும் தருவார்கள். தமிழும் மலையாளமும் சரளமாகப் பேசி, இரண்டிலும் மனு எழுதத் தெரிந்தவர் மலையில் எத்தனை பேர்? அது உங்கள் பெரிய சொத்து.

பின்னால் ஆய்வேட்டுக்கு உங்கள் எஸ்டேட்டையே எடுப்பதென்றால் ஓர் எச்சரிக்கை. லயத்து எண்ணும், டிவிஷன் பெயரும், ‘மூன்று பிள்ளைகள் உள்ள விதவை’ என்ற ஒரு வரியும் சேர்ந்தால் ஆள் யாரென்று சூப்பர்வைசருக்குத் தெரிந்துவிடும். பெயரை மாற்றினால் மட்டும் போதாது. சம்மதம் கேட்பதை வீட்டில் கேளுங்கள், வேலைக்கு ஆள் கணக்கெடுக்க மஸ்டர் நிற்கும் இடத்தில் கேட்காதீர்கள். கையெழுத்துப் போடத் தயங்கினால் வாய்மொழிச் சம்மதமே போதும் என்று துறையில் முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிவையுங்கள். அம்மாவின் கிராஜுவிட்டி நிலுவையில் இருக்கும்வரை அதை ஆய்வில் சேர்க்க வேண்டாம், எதிர்த்தரப்பு அதை எடுத்துக் காட்டக்கூடும்.

அம்மாவின் கிராஜுவிட்டி விண்ணப்பத்தை இந்த வாரமே தொடங்குங்கள். வேலைக்குச் சேர்ந்த தேதி, ஓய்வு பெற்ற தேதி, கடைசிச் சம்பளச் சீட்டு, பி.எஃப். எண், ஆணையத்தின் பதில், எல்லாவற்றுக்கும் இரண்டிரண்டு நகல். துறைத் தலைமைக்குக் கடிதம் எழுத வேண்டி வந்தால் தமிழிலேயே எழுதுங்கள். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசோடும் துறைத் தலைமைகளோடும் தமிழில் கடிதம் எழுதலாம், பதிலும் தமிழிலேயே தரப்பட வேண்டும் என்கிறது. சட்டத்தின் பெயரையும் ஆண்டையும் கடிதத்தின் முதல் வரியிலேயே குறிப்பிட்டுவிடுங்கள்.